மேற்கோள்களை அடுக்கினால் பகுப்பாய்வு ஆகிவிடாது: பண்புசார் ஆய்வில் நடக்கும் தவறுகள்

சைக்காலஜி முதுநிலை ஆய்வேடுகளில் நான்காவது அத்தியாயத்தைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே அமைப்புதான் கண்ணில் படும். ஒரு தலைப்பு, அதன் கீழே "பங்கேற்பாளர்கள் பலர் இவ்வாறு கூறினர்" என்று ஒரு வரி, பிறகு நேர்காணல்களிலிருந்து மூன்று நான்கு மேற்கோள்கள். அப்புறம் அடுத்த தலைப்பு. முறையியல் அத்தியாயத்தில் 'தீமாட்டிக் அனாலிசிஸ்' (பேட்டிகளுக்குள் ஓடும் பொதுவான கருத்திழைகளை, அதாவது தீம்களை, இனம் கண்டு விளக்கும் முறை) என்று எழுதி, பக்கத்தில் அந்த முறையை விவரித்த கட்டுரைக்குச் சான்றாக ப்ரௌன், கிளார்க், 2006 என்று போட்டிருக்கும். எழுதியவர் பேட்டிக்காக வீடு வீடாக அலைந்திருப்பார். ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்யத் தூக்கம் கெட்டிருப்பார். அவ்வளவு உழைப்பும் சந்தையில் வாங்கிய காய்கறியைக் கூடைவாரியாகப் பிரித்து வைத்ததோடு முடிந்துவிடுகிறது. சமையல் தொடங்கவே இல்லை.

எண்களோடு செய்யும் ஆய்வில் தவறான புள்ளியியல் டெஸ்ட்டைப் போட்டால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) யாராவது பிடித்துவிடுவார்கள். சொற்களோடு செய்யும் பண்புசார் ஆய்வில் தவறு அப்படிப் பளிச்சென்று தெரியாது. மேற்கோள் உருக்கமாக இருந்தால் தேர்வாளரும் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அதனாலேயே ஒரே தவறு ஒரு பேட்ச்சிலிருந்து அடுத்த பேட்ச்சுக்குக் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

கேள்வித்தாளே தீம் ஆகும் கதை

பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது. விளக்கத்துக்காக நானே எழுதிய ஒரு பேட்டித் துண்டை எடுத்துக்கொள்வோம். பக்கவாதம் வந்த மாமியாரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு மருமகளிடம் ஒரு மாணவி பேசுகிறார்.

மாணவி: இதெல்லாம் ஒரே ஆளா பாக்கறது கஷ்டமா இல்லையாக்கா?

அவர்: (சிரிக்கிறார்) கஷ்டம்னு எப்படிம்மா சொல்றது... எல்லாம் நாந்தான். குளிப்பாட்டறது, மாத்திரை குடுக்கறது, ராத்திரி ரெண்டு மூணு தடவ எந்திரிச்சுத் திருப்பிப் படுக்க வைக்கறது. வர்ற சொந்தக்காரங்க எல்லாம், 'நீ தெய்வம்மா, பெத்த மககூட இப்படிப் பாக்க மாட்டா'ம்பாங்க. (நிறுத்தம்) அப்புறம் எப்படி முடியலன்னு சொல்றது?

இதை வழக்கமாக எப்படிக் கோடிங் செய்கிறார்கள், அதாவது பேச்சின் ஒவ்வொரு துண்டுக்கும் என்ன குறியீட்டுப் பெயர் ஒட்டுகிறார்கள்? 'பராமரிப்பு வேலைகள்', 'சுமை', 'உறவினர் ஆதரவு' என்று மூன்று குறியீடுகள் விழும். இப்படி எட்டுப் பேட்டிகளையும் முடித்த பிறகு தீம்கள் வரும்: 'பராமரிப்பில் உள்ள சவால்கள்', 'குடும்ப ஆதரவு', 'சமாளிக்கும் வழிகள்'. பின்னிணைப்பில் இருக்கும் நேர்காணல் வழிகாட்டியைப் புரட்டிப் பாருங்கள். அதில் இருக்கும் மூன்று பகுதிகளும் இவைதான். சவால்களைப் பற்றிக் கேட்டோம், சவால்களைச் சொன்னார்கள். ஆதரவைப் பற்றிக் கேட்டோம், அதையும் சொன்னார்கள். இது பொருள்வாரியான சுருக்கம். விர்ஜினியா ப்ரௌனும் விக்டோரியா கிளார்க்கும் பிறகு எழுதிய கட்டுரைகளில் மறுபடி மறுபடி குறைப்பட்டுக்கொண்ட விஷயங்களில் இதுவும் ஒன்று. தங்கள் முறையைச் சான்றாகக் காட்டுபவர்களே 'தீம்' என்பதையும் தலைப்புச் சுருக்கத்தையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் ஆதங்கம்.

மேலே உள்ள துண்டில் இன்னொரு விபரீதமும் நடந்திருக்கிறது. சொந்தக்காரர்கள் புகழ்ந்ததை 'ஆதரவு' என்ற குறியீட்டில் போட்டாயிற்று. அந்தப் பெண் சொன்னதோ கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறானது. கடைசி வரியைத் தொடங்கும் 'அப்புறம்' அங்கே சும்மா வரவில்லை. தெய்வம் என்று சொல்லிவிட்டார்கள், இனி முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? பாராட்டுதான் அவர் வாயை அடைத்திருக்கிறது. யாரும் ஒரு ராத்திரி வந்து மாற்றி விட்டதாக அவர் சொல்லவில்லை; வந்து புகழ்ந்துவிட்டுப் போனதாக மட்டும் சொல்கிறார். 'பாராட்டு, ஓய்வு கேட்கும் உரிமையைப் பறிக்கிறது' என்று எழுதினால் அது தீம் ஆகும் வழியில் இருக்கிறது. அதில் ஒரு வினைச்சொல் இருக்கிறது, ஒரு வாதம் இருக்கிறது, மற்ற பேட்டிகளில் போய்த் தேட ஒரு கேள்வியும் இருக்கிறது. மாமியாருக்குப் பதில் சொந்தத் தாயைப் பார்த்துக்கொள்ளும் மகள்களுக்கு இந்தப் பாராட்டு கிடைக்கிறதா, அல்லது அது கடமை என்று விட்டுவிடுகிறார்களா? அம்மாவைக் கவனிக்கும் மகனைப் புகழும்போது அது வேறு வேலை செய்கிறதா?

நான் மாணவர்களிடம் சொல்லும் சோதனை எளிது. ஒரே ஒரு பேட்டிகூட எடுக்காமல், உங்கள் தீமின் பெயரை ஜூன் மாதமே எழுதியிருக்க முடியுமா? முடியும் என்றால் அது தீம் இல்லை.

வெட்டி எடுத்த மேற்கோள்

அதே துண்டில் இன்னொன்றையும் பாருங்கள். ஆய்வேட்டில் அச்சாகும்போது மாணவியின் கேள்வி போய்விடும். சிரிப்பும் போய்விடும், நிறுத்தமும் போய்விடும். பங்கேற்பாளர் கஷ்டத்தைப் பற்றித் தானாகப் பேசத் தொடங்கியதுபோல மேற்கோள் நிற்கும். ஆனால் 'கஷ்டம்' என்ற சொல்லைக் கொண்டுவந்தவர் மாணவி. அதை அந்தப் பெண் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, சிரித்துக்கொண்டே கையாள்கிறார். கேள்வியை வெட்டியதால் பகுப்பாய்வுக்கு மிக வளமான இடமே காணாமல் போய்விட்டது. எந்த மேற்கோளை எடுத்தாலும் அதற்கு முந்தைய கேள்வியோடு சேர்த்துப் படித்துவிட்டுத்தான் குறியீடு போடவேண்டும்.

ஒலிப்பதிவை எழுத்தாக்குவது வெறும் தட்டச்சு வேலை இல்லை என்பதை மொழியியலாளர் எலினோர் ஆக்ஸ் 1979லேயே ஒரு கட்டுரையில் வாதிட்டார். எதை எழுதுகிறோம், எதை விடுகிறோம் என்பதிலேயே ஒரு கோட்பாட்டு முடிவு ஒளிந்திருக்கிறது. உரையாடல் பகுப்பாய்வுக்காரர்கள் கெயில் ஜெஃபர்சன் உருவாக்கிய குறிமுறையில் மூச்சு, இழுப்பு, ஒருவர் பேச்சில் இன்னொருவர் நுழைவது என எல்லாவற்றையும் குறிக்கிறார்கள். தீமாட்டிக் அனாலிசிஸுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனாலும் சிரிப்பு, அழுகை, நீண்ட மௌனம், பக்கத்து அறையில் இருப்பவர் காதில் விழாமல் குரலைத் தாழ்த்தியது, இவற்றையாவது குறித்துவையுங்கள்.

நம் ஊரில் இதோடு இரண்டு பழக்கங்கள் கூடுதலாக ஒட்டிக்கொள்கின்றன. ஒன்று, பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாகத் 'திருத்துவது'. "அப்புறம் எப்படி முடியலன்னு சொல்றது" என்பது "எனவே இயலவில்லை என்று எவ்வாறு கூறுவது" ஆனதும் அந்த ஆளே மாறிவிடுகிறார். இரண்டாவது, பேட்டியை முழுக்க ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிட்டு, அந்த ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு கோடிங் செய்வது. ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கட்டும், தமிழ்ப் பேட்டியைத் தமிழிலேயே கோடிங் செய்யுங்கள். அச்சில் போகும் மேற்கோள்களை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்தால் போதும், வேலையும் பாதியாகும்.

அன்டாகியும் மூவரும் சொன்னது

இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் அன்டாகி, மைக்கேல் பில்லிக், டெரெக் எட்வர்ட்ஸ், ஜொனதன் பாட்டர் நால்வரும் 2003ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பகுப்பாய்வு போலத் தோன்றி, உண்மையில் பகுப்பாய்வு ஆகாத ஆறு வகை எழுத்துகளை அதில் பட்டியல் போட்டார்கள். கருத்தாடல் பகுப்பாய்வை (பேச்சும் எழுத்தும் என்ன வேலை செய்கின்றன என்று பார்க்கும் முறை) மனதில் வைத்து எழுதியதுதான். ஆனால் பேட்டியை வைத்து ஆய்வு செய்யும் யாருக்கும் அதில் பாதியாவது உறைக்கும்.

மேற்கோளையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்வது முதல் வகை. "பங்கேற்பாளர் எல்லா வேலைகளையும் தானே செய்வதாகத் தெரிவித்தார்" என்பதில் அவர் சொன்னதைவிட அதிகமாக ஒன்றும் இல்லை, குறைவாகத்தான் இருக்கிறது. பக்கம் சாய்வது இன்னொன்று. பராமரிப்பவர்கள் மேல் இரக்கம் வருவது இயல்பு. ஆனால் "இந்தத் தியாகப் பெண்மணி" என்று எழுதத் தொடங்கினால் நீங்களும் அந்தச் சொந்தக்காரர்கள் வரிசையில் போய் நின்றுவிடுகிறீர்கள். மேற்கோளைக் குவித்துவிட்டு அதுவே பேசிக்கொள்ளும் என்று ஒதுங்குவது மூன்றாவது.

எனக்குப் பிடித்தது, வட்டமடிக்கும் விளக்கம். அவர் ஏன் இப்படிப் பேசுகிறார்? ஆணாதிக்கக் கருத்தாடல் அவருக்குள் ஊறியிருக்கிறது. ஊறியிருக்கிறது என்பதற்கு என்ன சான்று? அவர் இப்படிப் பேசுகிறாரே! இது ஆய்வேடுகளில் மட்டும் இல்லை, பெரிய இதழ்களில் வரும் கட்டுரைகளிலும் உண்டு. கருத்தாடல் என்று பெயர் சூட்டியதும் வேலை முடிந்ததாக ஒரு திருப்தி வந்துவிடுகிறது. அப்புறம், எட்டுப் பேர் பேசியதை வைத்துக்கொண்டு "தமிழ்ப் பெண்கள் இப்படி நினைக்கிறார்கள்" என்று தாவுவது. எட்டில் ஆறு பேரை 75 சதவீதம் என்று எழுதுவதும் இந்த வகைதான். கடைசியாக, பாடப்புத்தகத்தில் படித்த உத்திகளைப் பேட்டியில் கண்டுபிடித்துப் பெயர் ஒட்டிவிட்டு, அந்த உத்தி அந்த இடத்தில் என்ன செய்கிறது என்று சொல்லாமல் விடுவது.

ஒரே வாக்கியத்தில் நான்கு முறைகள்

முறையியல் அத்தியாயத்தில் இப்படி ஒரு வாக்கியம் வந்தால் அங்கேயே நின்று யோசிக்கவேண்டும்: "கிரவுண்டட் தியரி அடிப்படையில், ஐபிஏ முறையைப் பயன்படுத்தி, 12 பேரிடம் சாச்சுரேஷன் வரும் வரை தரவு சேகரித்து, தீம்கள் எடுக்கப்பட்டன, கப்பா மதிப்பு 0.82." தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே மரியாதையான சொற்கள். சேர்த்து வைத்தால் ஒன்றை ஒன்று வெட்டுகின்றன.

தரவிலிருந்தே கோட்பாட்டைக் கட்டி எழுப்பும் கிரவுண்டட் தியரியை 1967ல் முன்வைத்தவர்கள் பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும். சான் பிரான்சிஸ்கோ பகுதி மருத்துவமனைகளில் சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகள், அவர்களைச் சுற்றியிருந்தவர்கள் பற்றிய ஆய்விலிருந்து பிறந்த முறை அது. அதன் உயிர்நாடி, தரவு சேகரிப்பும் பகுப்பாய்வும் ஒரே சமயத்தில் ஓடுவது. முதல் சில பேட்டிகளைக் கோடிங் செய்து, அதில் எழும் கேள்விதான் அடுத்து யாரைப் பார்ப்பது என்று முடிவு செய்யும். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வந்ததும் 12 பேட்டிகளையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, பிறகு உட்கார்ந்து கோடிங் தொடங்கினால் அது வேறு ஏதோ ஒரு நல்ல ஆய்வாக இருக்கலாம், கிரவுண்டட் தியரி ஆகாது. போதாததற்கு கிளேசரும் ஸ்ட்ராஸும் பின்னால் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். கேத்தி சார்மாஸ் மூன்றாவது வழி ஒன்றைக் கொண்டுவந்தார். எந்த வழி உங்களுடையது என்றும் சொல்லவேண்டும்.

ஐபிஏ (இன்டர்பிரடேட்டிவ் ஃபினாமினாலஜிக்கல் அனாலிசிஸ்) என்பது 1990களில் ஜொனதன் ஸ்மித் வளர்த்தெடுத்த முறை. ஒரு மனிதர் தன் அனுபவத்துக்கு எப்படிப் பொருள் கொடுக்கிறார் என்பதில்தான் அதன் கவனம். ஒருவரை முழுமையாக முடித்துவிட்டுத்தான் அடுத்தவருக்குப் போகவேண்டும். முதுநிலை மாணவருக்கு மூன்று பேரே போதும் என்பார்கள். இங்கே 20 பேரைப் பேட்டி எடுத்து 'பொதுவாக' என்று எழுதத் தொடங்கினால் ஆட்கள் கரைந்து காணாமல் போய்விடுவார்கள். தேர்வாளர் "சாம்பிள் பத்தாதே" என்று கேட்பார் என்ற பயத்தில்தான் பெரும்பாலும் எண்ணிக்கை ஏறுகிறது. பயம் நியாயம்தான். ஆனால் அதற்குப் பதில் எண்ணிக்கையில் இல்லை, முறையை விளக்குவதில் இருக்கிறது.

சரி, சாச்சுரேஷன், அதாவது அடுத்த பேட்டியில் புதிதாக ஒன்றும் வராத நிலை, வந்துவிட்டதாகக் காட்டும் அந்த 12 எங்கிருந்து வந்தது? கிரெக் கெஸ்ட்டும் இரு சக ஆய்வாளர்களும் 2006ல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து. கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 பேட்டிகளை வைத்துப் பார்த்தபோது, முதல் 12 பேட்டிகளுக்குள்ளேயே பெரும்பாலான குறியீடுகள் வந்துவிட்டிருந்தன. அவர்களுடைய பங்கேற்பாளர்கள் பல விதங்களில் ஒரே மாதிரியானவர்கள். கேட்ட கேள்விகளும் எல்லோரிடமும் ஒன்றே. அந்த நிபந்தனைகளைக் கழற்றிவிட்டு எண் மட்டும் ஊர் ஊராகச் சுற்றுகிறது. 18 வயது மாணவரையும் 60 வயது ஓய்வூதியரையும் கலந்து பேட்டி எடுத்துவிட்டு அதே 12ஐக் காட்டுவதில் பொருளே இல்லை. தவிர, புதுக் குறியீடு வரவில்லை என்பதும், இருக்கும் குறியீட்டை ஆழமாகப் புரிந்துகொண்டோம் என்பதும் ஒன்றல்ல.

கப்பா விஷயம் இன்னும் வேடிக்கை. ஜேக்கப் கோஹன் 1960ல் கொடுத்த அளவீடு அது. இரண்டு பேர் தனித்தனியாக வகைப்படுத்தும்போது, தற்செயலுக்கு மேல் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று பார்ப்பது. முன்கூட்டியே குறியீட்டுப் பட்டியல் தயாரித்து, பல பேர் கோடிங் செய்யும் ஆய்வில் அதற்கு நல்ல வேலை இருக்கிறது. ப்ரௌன், கிளார்க் சொல்லும் பிரதிபலிப்பு வகைத் தீமாட்டிக் அனாலிசிஸில் ஆய்வாளரின் வாசிப்புதான் கருவி. இரண்டு பேர் வேறு வேறாகப் படிப்பது பிழை என்று அங்கே கருதுவதில்லை. அந்த முறையைச் சான்று காட்டிவிட்டுக் கப்பாவும் போடுவது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது. அதோடு, உயர்ந்த கப்பா ஆழத்துக்குச் சான்று இல்லை. 'மாத்திரை' என்ற சொல் வரும் இடத்தையெல்லாம் குறியுங்கள் என்று இரண்டு பேரிடம் கொடுத்தால் கப்பா பிரமாதமாக வரும். 'பாராட்டு வாயடைக்கும் இடங்கள்' என்று கொடுத்துப் பாருங்கள். கைடு வற்புறுத்தினால் இரண்டாவது ஆளோடு உட்கார்ந்து எங்கே, ஏன் மாறுபட்டோம் என்று பேசி, அந்த விவாதத்தை எழுதுங்கள். அதில் கிடைக்கும் பயன் 0.82இல் கிடைக்காது.

"தீம்கள் வெளிப்பட்டன"

எதிலிருந்து, யாருக்கு வெளிப்பட்டன? ஆய்வாளர் தேர்ந்தெடுத்து, ஒதுக்கி, சேர்த்து, பெயர் வைத்ததுதான் தீம். 2006 கட்டுரையிலேயே இந்த 'வெளிப்பட்டன' என்ற சொல்லை ப்ரௌனும் கிளார்க்கும் குறை சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரையைச் சான்று காட்டிக்கொண்டே இதை எழுதுவது கொஞ்சம் கூச்சமாக இருக்கவேண்டும்.

இதோடு ஒட்டியதுதான் ஆய்வாளர் தன்னைப் பற்றி எழுதும் பத்தி. "நான் 22 வயது நகர்ப்புறப் பெண், என் சார்புகளை ஒதுக்கிவைத்தேன்" என்று இரண்டு வரியில் சடங்கை முடித்துவிடுகிறார்கள். ஒதுக்கிவைத்தோம் என்று யார் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது. நம் எடுத்துக்காட்டில் கல்யாணமாகாத ஒரு மாணவி 'அக்கா' என்று கூப்பிட்டுக் கேட்கிறார். அந்தப் பெண் 'ம்மா' என்று பதில் சொல்கிறார். இதே கேள்வியை ஒரு ஆண் டாக்டர் கேட்டிருந்தால் சிரிப்பு வந்திருக்குமா? பேட்டியின்போது மாமியார் அதே கூடத்தில் படுத்திருந்தாரா? பேட்டி முடிந்த அன்றே தேதி போட்டு இப்படி அரைப்பக்கக் குறிப்பு எழுதி வைத்தால், பகுப்பாய்வு செய்யும்போது அது தரவைப் போலவே உதவும்.

பங்கேற்பாளரிடமே முடிவுகளைக் காட்டிச் சரிபார்ப்பது ஆய்வு முறையியலாளர்களான யுவானா லிங்கனும் ஈகான் கூபாவும் 1985ல் வலியுறுத்திய வழிகளில் ஒன்று. நல்ல வழிதான், ஆனால் அதையே உண்மைக்கான முத்திரையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காலேஜிலிருந்து வந்த பிள்ளை காகிதத்தை நீட்டி "சரியாக்கா?" என்றால் பெரும்பாலோர் "சரிதாம்மா" என்றுதான் சொல்வார்கள்.

தீமுக்கு ஒத்துவராத பேட்டியை ஓரம் கட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. "முடியலன்னா நான் நேரா சொல்லிருவேன், நாத்தனார் வந்து பாத்துக்கட்டும்" என்று ஒருவர் சொன்னால் உங்கள் தீம் உடைந்துவிட்டதாகப் பதறவேண்டாம். அவருக்கு மட்டும் எப்படி முடிகிறது என்று பாருங்கள். சொந்தமாகச் சம்பாதிக்கிறாரா, வீடு யார் பெயரில் இருக்கிறது, அவரை யாராவது தெய்வம் என்றார்களா? விலகி நிற்கும் அந்த ஒருவர்தான் மற்ற ஏழு பேரைப் பற்றி அதிகம் சொல்லுவார்.

மென்பொருள்

என்விவோ, அட்லஸ்.டிஐ, மேக்ஸ்க்யூடிஏ எல்லாம் தரவை ஒழுங்காக வைத்துக்கொள்ள உதவும் கருவிகள். "என்விவோ மூலம் பகுப்பாய்வு செய்யப்பட்டது" என்பது "வேர்டு மூலம் ஆய்வேடு எழுதப்பட்டது" என்பதற்குச் சமம். அதில் வரும் சொல்மேகப் படத்தை (அதிகம் வரும் சொற்களைப் பெரிதாகக் காட்டும் படம்) தமிழ்ப் பேட்டிக்குப் போடவே போடாதீர்கள். கஷ்டம், கஷ்டத்த, கஷ்டமா, கஷ்டந்தான் எல்லாமே தனித்தனிச் சொற்களாக எண்ணப்படும். எட்டுப் பத்துப் பேட்டிக்கு எக்ஸெல்லும் கலர் பேனாவும் தாராளமாகப் போதும்.

இப்போது ஏஐ சாட்பாட்டில் பேட்டியைப் போட்டு "தீம் எடுத்துக் கொடு" என்று கேட்பதும் பரவிவிட்டது. அது தருவது பெரும்பாலும் மேலே சொன்ன கூடைவாரிச் சுருக்கம்தான், பேட்டியில் இல்லாத மேற்கோளைக்கூடச் சில சமயம் நம்பும்படி எழுதிக் கொடுத்துவிடும். அதைவிட முக்கியம், உங்கள் ஒப்புதல் படிவத்தில் பேச்சு ரகசியமாக வைக்கப்படும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருப்பீர்கள். வெளி நிறுவனத்தின் சர்வருக்கு அதை அனுப்ப அந்தக் கையெழுத்து அனுமதி தரவில்லை.

டிராஃப்ட் ஏற்கெனவே கையில் இருக்கிறது என்றால் மேற்கோள்களை எல்லாம் மறைத்துவிட்டு உங்கள் வாக்கியங்களை மட்டும் படித்துப் பாருங்கள். ஒரு வாதம் தொடர்ந்து ஓடினால் பிரச்சினை இல்லை. "மேலும் ஒருவர் கூறுகையில்" மட்டும் மிஞ்சினால், கோடிங்குக்கே திரும்பிப் போகவேண்டும். அதற்கு மூன்று நான்கு வாரமாவது ஆகும். சமர்ப்பிக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்த வாரங்களை இப்போதே கைடிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.